ஓனர் அரைத்த சிலோன் தேயிலை

எங்கள் வீட்டு ஓனருக்குத் தேயிலையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. ஆனாலும் படப்பை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அவருடைய கடைக்கு மேல் ‘ஒரிஜினல் சிலோன் டீ ஸ்டால்’ என்று சிவப்பு எழுத்தில் போர்டு தொங்கியது. உள்ளே கொதித்தது நீலகிரி டஸ்ட். அதிலும் புளியங்கொட்டைத் தோலை அரைத்துக் கலந்திருக்கிறார்கள் என்பது முதல் நாள், முதல் வாயிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்குப் பின்னால் அவர் கட்டியிருந்த நான்கு அறைகளில் ஒன்றை வாடகைக்குக் கேட்டு வந்திருந்தோம். அதனால் வாயை மூடிக்கொண்டு குடித்து முடித்தேன்.

நானும் என் கணவரும் எண்பத்து நாலில் சிலோனிலிருந்து கப்பலேறி ராமேஸ்வரம் வந்தவர்கள். எங்கள் தாத்தா காலத்தில் இங்கிருந்து அங்கே தேயிலை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், எங்கள் காலத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மறு வருடமே படப்பைக்கு வந்துவிட்டோம். ஒரகடம் போகிற வழியில் புதிதாக வந்திருந்த கம்பெனி ஒன்றில் அவருக்கு ஹெல்பர் வேலை கிடைத்தது. எனக்கு இங்கே வேலை ஒன்றும் அமையவில்லை. எனக்குத் தெரிந்த வேலைக்கு இந்த ஊரில் இடமே இல்லை.

அட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஃபேக்டரியில், சல்லடை அறையில் ஆறு வருடம் இருந்தவள் நான். உலர்ந்த தேயிலை சல்லடைகளில் ஏறி இறங்கி ரகம் ரகமாகப் பிரியும். நீளமாக, முறுக்கிய கம்பி மாதிரி நிற்பது ஓ.பி. அது உடைந்தால் பி.ஓ.பி. இன்னும் சிறியது பி.ஓ.பி.எஃப். கடைசிச் சல்லடைக்கும் கீழே கொட்டுவது டஸ்ட். ரகம் என்பது சல்லடைக் கண்ணின் அளவுதான். ஒரே செடியின் கொழுந்து நாலு பெயரில் வெளியே போகும். நல்லது கெட்டதைச் சொல்ல வேண்டியது நாக்கு.

அந்த நாக்கும் எனக்கு அங்கேதான் வாய்த்தது. தினமும் காலையில் டீமேக்கர் ருசி பார்ப்பதற்குக் கோப்பை வைக்கிற வேலையை இரண்டாம் வருடத்திலிருந்து என்னிடம் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு ரகத்திலும் ஒரே எடை. தளதளவென்று கொதித்த தண்ணீரை ஊற்றி, மூடி, ஆறு நிமிடம் கழித்து வடித்து, ஊறிய இலையை மூடியின் மேல் கவிழ்த்து வைக்க வேண்டும். செம்புக் காசின் நிறத்தில் இலை மினுங்கினால் நல்ல தேயிலை. அவர் கரண்டியால் எடுத்து, பெருஞ்சத்தத்தோடு உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு நகர்வார். அவர் போன பிறகு அதே வரிசையில் நானும் ருசி பார்ப்பேன். நான் துப்ப மாட்டேன்.

படப்பைக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தோட்டத்திலேயே தங்கிவிட்ட என் தம்பி யார் கையிலாவது ஒரு பொட்டலம் பி.ஓ.பி. கொடுத்து அனுப்புவான். பொட்டலம் வந்த வாசனை எப்படித்தான் ஓனருக்கு எட்டுமோ, சாயங்காலம் எங்கள் அறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். தன் கடை டீயை அவரே குடிக்க மாட்டார். “இன்னாமா, ஊர் சரக்கு வந்துகீதா?” என்பார். ஆறு வருடம் அவருக்குப் பாலில்லாமல் சாயம் கொடுத்திருக்கிறேன். அவர் மகளுக்கு அம்மை போட்டபோது என் கணவர்தான் ராத்திரியும் பகலும் வேப்பிலை கொண்டுவந்து கொடுத்தார். உறவென்றே நினைத்திருந்தோம் என்றால் அது எங்கள் புத்தி.

தொண்ணூற்றொன்று மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மறுநாளே ஓனர் ஏணி போட்டு ஏறி, போர்டில் இருந்த ‘சிலோன்’ மேல் பச்சைப் பெயின்ட் அடித்தார். சிலோனிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் போலீஸ் விசாரித்தது. அதைக்கூட நான் குறை சொல்லவில்லை, ஊர் அப்படி நடுங்கிக்கொண்டிருந்தது. ஜூன் மாதம் என் கணவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பாஸ்போர்ட், குடும்ப அட்டை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நான் பின்னாலேயே ஓடினேன். காகிதம் போதாது, இவரை நன்றாகத் தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவர் வந்து சொன்னால் அனுப்பிவிடலாம் என்றார்கள். இவ்வளவுதானே என்று எனக்கு உயிர் வந்தது. ஓனரைக் கூட்டி வந்தேன்.

அவர் என் கணவருக்கு முன்னால் நின்றுகொண்டு, முகத்தைப் பார்க்காமல், “வாடகைக்கு கீறாங்க சார். மத்தபடி ஆளு யாரு, எவருன்னு நமக்கு ஒன்னுந் தெரியாது” என்றார்.

அதற்குப் பிறகு பதினோரு நாள் என் கணவர் உள்ளேயே இருந்தார். பன்னிரண்டாம் நாள் அவரை அனுப்பினார்கள். வந்தவர் மூன்று நாள் பேசவில்லை. கம்பெனியில், நிலைமை சரியாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் ஓனர் தன் மனைவியை அனுப்பி அறையைக் காலி செய்யச் சொன்னார். நேரில் வந்து சொல்லக்கூட முகம் இல்லை. வல்லக்கோட்டையில் கோயிலுக்குப் பின்னால் கூரை போட்ட ஒரு அறை கிடைத்தது. என் கணவர் கட்டட வேலைக்கு ஜல்லி தூக்கப் போனார். நான் ஓனரை நினைத்துக்கொண்டே அரிசி களைந்தேன், ஓனரை நினைத்துக்கொண்டே துணி அலசினேன். அந்த ஆள் குடித்த சாயம் ஒவ்வொரு கோப்பையும் அவர் வயிற்றில் கத்தியாகட்டும் என்று முருகன் சன்னதியில் நின்று வேண்டியிருக்கிறேன். அப்படி வேண்டினேனே என்று இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஓனர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். கையில் ஆப்பிள் பை. என் கணவர் அன்றும் வேலைக்குப் போயிருந்தார்.

விஷயம் இதுதான். என் கணவர் வேலை பார்த்த அதே கம்பெனிக்குப் புதிதாக ஒரு அட்மின் மேனேஜர் வந்திருந்தார். கொழும்பில் தேயிலை ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் பல வருடம் இருந்தவராம். கெஸ்ட் ஹவுஸுக்கு வெளிநாட்டுக்காரர்கள் வரப்போகிறார்கள், அவர்களுக்கு உண்மையான சிலோன் தேயிலைதான் வேண்டும், எல்லா ரகத்திலும் சாம்பிள் கொண்டுவந்து வையுங்கள், நானே ருசி பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லியிருந்தார். யார் சரக்கு தேறுகிறதோ அவருக்கே கம்பெனி கேட்டுக்கு உள்ளே டீக்கடை. மூன்று ஷிப்ட் ஆட்களும் அங்கேதான் குடித்தாக வேண்டும். ஓனர் மெட்ராசுக்கு ஓடி, கொழும்புக்குப் பறந்து பறந்து சாமான் கொண்டுவரும் ‘குருவி’ ஒருவரிடமிருந்து நாலு ரகத்திலும் ஒவ்வொரு பொட்டலம் வாங்கிவிட்டார். கோப்பை வைப்பது எப்படி, ருசி பார்ப்பது எப்படி என்றுதான் தெரியவில்லை.

“நீ வந்து நின்னா போதும்மா. உன் வூட்டுக்காரரு வேலைய மேனேஜர் கையில நானே பேசி வாங்கித் தரேன்” என்றார்.

அவர் வாக்கு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்து உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே இடத்தில் சொல்லாதவர். மூஞ்சியில் அடித்த மாதிரி கதவைச் சாத்தியிருப்பேன். ஆனால் அவர் பையிலிருந்து பொட்டலங்களை எடுத்துப் பிரித்தார். ஓ.பி.யின் வாசனை வந்தது. ஏழு வருடம் ஆகியிருந்தது அந்த வாசனை என் மூக்கில் பட்டு. சரி, வருகிறேன் என்றேன்.

அன்றே அவர் வீட்டுக்குப் போனேன். ஆறு வருடம் நான் கூட்டிப் பெருக்கிய வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டியிருந்தது. எங்கள் அறையில் வேறு யாரோ இருந்தார்கள். ஓனரின் மனைவி என்னைப் பார்த்ததும் சமையலறைக்குள் போய்விட்டார். நாலு ரகத்தையும் வரிசையாகக் கோப்பையில் வைத்துக் காட்டினேன். எடை, கொதிநீர், ஆறு நிமிடம், கவிழ்த்த இலை, உறிஞ்சும் சத்தம், துப்பும் வாளி, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். எதிலும் பொய் கலக்கவில்லை. அன்றைக்கு வெற்றிலை, புகையிலை கூடாது என்றுகூடச் சொன்னேன்.

அந்த ஓ.பி. நல்ல சரக்கு. உயரமான தோட்டத்தது. லேசான பொன்னிறம், வாயில் வைத்ததும் ஒரு குளிர்ச்சி, விழுங்கின பிறகு பூ வாசனை. பி.ஓ.பி. அதைவிட அழுத்தம், நாக்கின் ஓரத்தைக் கொஞ்சம் பிடித்து இழுக்கும். பி.ஓ.பி.எஃப். வெறும் முரடு. டஸ்ட் கறுத்துப்போய், எந்தத் தோட்டம் என்று கேட்டால் பதில் சொல்லாத சரக்கு. ஓனர் நாலையும் உறிஞ்சினார். டஸ்டில் நின்றார். முகம் மலர்ந்தது.

“இதாம்மா டீ. சாயம் பார்த்தியா?” என்றார். ஓ.பி. கோப்பையைக் காட்டி, இது கழுவின தண்ணி மாதிரி கீதே என்று முகம் சுளித்தார். குருவி ஏமாத்திட்டான், காம்பையும் குச்சியையும் கட்டிக் கொடுத்துட்டான் என்று திட்டினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இந்தச் சீமையில் டீ என்றால் டஸ்ட்தான். கொதிக்கக் கொதிக்கச் சாயம் இறங்க வேண்டும், பாலையும் சர்க்கரையையும் தாண்டி நிற்க வேண்டும். நாலு டீ போடுகிற தூளில் ஆறு டீ போட வேண்டும். முழு இலையைக் கண்ணால் பார்த்த டீக்கடைக்காரர் ஒருவர்கூட இந்த ரோட்டில் இருந்திருக்க மாட்டார். நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். கோப்பைகளைக் கழுவ எடுத்துக்கொண்டேன்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது.

“இத மிக்ஸில போட்டு ஒரு சுத்து வுட்டா சாயம் ஏறும்ல?”

அவர் கையில் ஓ.பி. பொட்டலம். ஓ.பி.யை ஓ.பி. என்று சொல்ல வைப்பதே அந்த இலையின் நீளம்தான். அந்த நீளம் உடையாமல் இருக்க எத்தனை பேர் கை பதறியிருக்கிறோம். ஃபேக்டரியில் சல்லடையைக் கொஞ்சம் முரட்டுத்தனமாகத் தட்டினாலே வசவு விழும். அதைப் போய் மிக்ஸியில் போடுவதா? வேண்டாம் என்ற சொல் தொண்டை வரைக்கும் வந்தது. கூடவே, யாரு எவருன்னு தெரியாது என்று அவர் சொன்ன குரலும் வந்தது.

“நைசா அரைங்கண்ணே” என்றேன்.

அவர் நாலையும் அரைத்தார். ஓ.பி.க்கு மட்டும் இரண்டு சுற்று. நாலு சில்வர் டப்பாவில் போட்டு, ஒவ்வொன்றிலும் பேர் எழுதின துண்டுச் சீட்டை ஒட்டினார். நாலும் ஒரே கறுப்புப் பொடி. நான் வல்லக்கோட்டைக்குத் திரும்புகிற பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா நகர்ந்து உட்கார்ந்தார்.

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை மத்தியானம், கெஸ்ட் ஹவுஸில் வைத்துப் பரீட்சை. மேனேஜர் ஐம்பது வயதுக்காரர், மெலிந்தவர், அதிகம் பேசவில்லை. வெள்ளைக் கோப்பைகள், மூடிகள், கரண்டி, துப்புவதற்கு வாளி, எல்லாம் முறையாக எடுத்து வைத்திருந்தார். அந்த மேஜையைப் பார்த்ததும் என் கைகள் தானாக வேலையை ஆரம்பித்தன. நிறுத்தேன், ஊற்றினேன், மூடினேன். அவர் கோப்பைகளைப் பார்க்காமல் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓனர் வெள்ளைச் சட்டையும் விபூதியுமாக, வெற்றிலை போடாத வாயோடு பக்கத்தில் நின்றார். ஆறு நிமிடம் ஆனதும் வடித்து, இலையை மூடியில் கவிழ்த்தேன். இலை எங்கே இருந்தது? நாலு மூடியிலும் சேறு.

மேனேஜர் குனிந்து முதல் மூடியைப் பார்த்தார். ஓ.பி. டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார்.

“ஓ.பி. எங்கே?” என்று கேட்டார்.

இதுதான் சார் என்று ஓனர் பெருமையாகச் சொன்னார். குச்சி குச்சியாக இருந்ததைத் தானே நைசாக அரைத்துக் கொண்டுவந்ததாகவும், இனி சாயம் பிரமாதமாக இறங்கும் என்றும் விளக்கினார். மேனேஜர் கரண்டியைக் கீழே வைத்தார். கெஸ்ட் ஹவுஸ் சமையல்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். ஏதோ தவறிவிட்டது என்பது அப்போதுதான் ஓனருக்கு உறைத்தது. நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்தது. அதை நான் ரசித்தேன். ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுகிற மாதிரி ரசித்தேன்.

“இவங்கதான் சார் அரைக்கச் சொன்னது. சிலோன்காரங்க. ஆறு வருஷமா நம்ம வூட்ல இருந்தவங்க, எனக்கு நல்லாத் தெரியும்” என்றார் ஓனர்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். எந்தத் தோட்டத்தில் இருந்தேன் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருடம் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு, குரலை உயர்த்தாமல், “கோப்பை வைக்கத் தெரிஞ்ச உங்களுக்கு ஓ.பி.ய அரைக்கக் கூடாதுன்னு தெரியாதா?” என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பேன். நான் சொல்லவே இல்லை, இவராக அரைத்தார் என்று சாதித்திருந்தால் ஒருவேளை மேனேஜர் நம்பியிருப்பார். என் கைகள் அவருக்குப் பிடித்திருந்தன, அது எனக்கே தெரிந்தது. ஆனால் ஓனருக்குத் தெரியாமல் பழி வாங்கி எனக்கு என்ன திருப்தி? ஓனர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, தெரியும் சார், தெரிந்துதான் சொன்னேன் என்றேன்.

ஓனரின் வாய் திறந்தபடி நின்றது. நாலு மாதம் நான் காத்திருந்தது அந்த வாய்க்காகத்தான்.

மேனேஜர் ஓ.பி. டப்பாவை மூடினார். நல்ல தேயிலையை நாசம் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் தன் இடத்தில் வேண்டாம் என்று மட்டும் சொன்னார். எங்கள் இருவரையும் போகச் சொன்னார். ஓனர் டப்பாக்களைக்கூட எடுக்காமல் வெளியே நடந்தார். நான் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

கேட்டுக்கு வெளியே, செக்யூரிட்டி அறையின் நிழலில் என் கணவர் நின்றிருந்தார். கம்பெனியில் கொடுத்த காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார். ஜூனிலிருந்து தகரப் பெட்டிக்குள் கிடந்த சட்டை, துவைத்து இஸ்திரி போட்டிருந்தது. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். கையில் பழைய அடையாள அட்டை.

நீங்கள் எங்கே இங்கே என்று கேட்டேன்.

“அண்ணன் வரச் சொன்னாரு. டீ முடிஞ்ச கையோட உள்ள கூப்பிட்டு மேனேஜர்கிட்ட பேசி விடுறேன்னாரு” என்றார். பிறகு, “அவரு ஏன் என்னயப் பாக்காம போறாரு?” என்று கேட்டார்.

ஓனர் எப்போது அவரிடம் பேசினார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்டேன். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார். மேனேஜர் சிலோன் தேயிலை கேட்கிறார் என்று கம்பெனியில் இருந்த பழைய சிநேகிதர் மூலம் முதலில் தெரிந்துகொண்டது என் கணவர்தான். அவரே படப்பைக்கு நடந்து போய் ஓனரிடம் சொல்லியிருக்கிறார். என் மனைவிக்கு ரகம் தெரியும், அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள், பதிலுக்கு எனக்காக ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தால் வர மாட்டேன் என்று, தான் வந்துபோனதை என்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஓனர் எனக்குக் கொண்டுவந்த ஆப்பிள்கூட என் கணவர் வாங்கிக் கொடுத்ததுதான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மிக்ஸியை, உள்ளே மேனேஜர் கேட்டதை, நான் சொன்ன பதிலை. ஒளிக்கவில்லை. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் அடையாள அட்டையைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினார். இருவரும் வல்லக்கோட்டைப் பக்கம் நடந்தோம். கல் லாரிகள் புழுதியை வாரி எங்கள் மேல் இறைத்துவிட்டுப் போயின. இஸ்திரி போட்ட சட்டை மண் நிறம் ஆனது.

“உங்களுக்காகத்தான் செஞ்சேன்” என்றேன் கடைசியில்.

அவர் நின்றார். “அன்னைக்கி அந்த மனுசன் பயந்துட்டாரு. என் எடத்துல அவர ஒக்கார வெச்சி, என்னயக் கேட்டிருந்தா, நானும் தெரியாதுன்னுதான் சொல்லியிருப்பேன்” என்றார்.

நான் சொல்லியிருக்க மாட்டேன் என்றேன். அவர் எனக்கு முன்னால் நடந்தார். அதற்குப் பிறகு அந்தக் கம்பெனிச் சட்டையை அவர் போடவே இல்லை.